சென்னைச் சூட்டில் விஸ்கியை முகர்வது எப்படி

அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் இருக்கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அதில் இருப்பது சோம்பு மிட்டாய். ஓட்டலில் பில் கட்டும்போது கல்லா ஓரத்தில் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோமே, அதேதான். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலைந்தை மெல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். இப்போது விரலை எடுங்கள். சோம்பு வந்துவிட்டது அல்லவா? வாயில் இருந்த பொருள் மாறவில்லை. தொண்டையின் பின்பக்கமாகக் காற்று மூக்குக்குள் ஏற வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி எனும் காளான், இறைச்சிச் சாறு போன்ற சுவை ஆகிய ஐந்து. மூக்கிலோ வாசனை ஏற்பிகள் சுமார் 400 வகை. லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவரும் 1991இல் இந்த ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்து சொன்னார்கள். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் அறுசுவையில் வரும் கார்ப்பும் துவர்ப்பும் நாக்கின் சுவை மொட்டுகளைச் சேர்ந்தவை அல்ல, வாய்த்தோலின் உணர்வுகள். விஸ்கியில் இரண்டுமே உண்டு. விஸ்கியை ஊற வைக்கும் ஓக் மரப் பீப்பாய் துவர்ப்பைத் தருகிறது. எரிச்சலைத் தருவது எத்தனால், அதாவது ஆல்கஹால். மிளகாய் எந்த நரம்பு ஏற்பியைச் சீண்டுகிறதோ அதையேதான் எத்தனாலும் சீண்டுகிறது. காரசாரமாகச் சாப்பிட்டுவிட்டு விஸ்கியை ருசி பார்க்க உட்கார்ந்தால் இரண்டு எரிச்சலும் ஒன்றுசேர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

இங்கேதான் நம் ஊரின் சிக்கல் தொடங்குகிறது. விஸ்கியை அறை வெப்பத்தில் அருந்த வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்தின் அறை வெப்பம் 18, 20 டிகிரி. சென்னையில் மே மாதத்து இரவிலும் அறைக்குள் 32 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் எத்தனால் வேகமாக ஆவியாகி கோப்பையின் வாயில் நிறைந்து நிற்கும். முதல் மூச்சிலேயே மூக்கு மரத்துப்போகும். "எனக்கு ஸ்பிரிட் வாசனை மட்டும்தான் வருகிறது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கில் குறை இல்லை, கோப்பையில்தான் சூடு அதிகம்.

ஐஸ் போடுவது இதற்குத் தீர்வு ஆகாது. குளிர் எத்தனாலோடு சேர்த்து மற்ற வாசனைகளையும் அமுக்கிவிடும். ஏசி அறையில் 24 டிகிரி வைத்து, பாட்டிலை ஒரு மணி நேரம் முன்பே அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஏசி இல்லையென்றால் ஊற்றிய கோப்பையை மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் போதும். பக்கத்தில் திறந்த சாம்பார்ப் பாத்திரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பை அடியில் அகன்று, வாய் குறுகி, துலிப் பூப் போல இருக்க வேண்டும். 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கோப்பை இதற்கென்றே செய்யப்பட்டது. கிடைக்காவிட்டால் சின்ன ஒயின் கோப்பை. வாய் அகன்ற டம்ளரில் வாசனை தங்காது. கோப்பையை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர விடுங்கள். துணியால் துடைத்தால் சோப்பு வாடையும் துணி வாடையும் உள்ளே ஒட்டும். மரப் பீரோவில் கவிழ்த்து வைத்த கோப்பையில் பீரோ வாசனை அடைந்து கிடக்கும், அதையும் ஒருமுறை அலசிவிடுங்கள். அன்று அறையில் ஊதுவத்தி வேண்டாம். மல்லிகைச் சரம் வேண்டாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவர் விஸ்கியிலிருக்கும் தேங்காய் வாசனையைப் பிடிக்கவே முடியாது.

ஊற்றுவது 20 மி.லி. ஒயினைச் சுழற்றுவது போலச் சுழற்றாதீர்கள். சுழற்றினால் எத்தனால்தான் முதலில் கிளம்பும். ஒருமுறை சாய்த்து உள்சுவரை நனைத்துவிட்டு, மூடி போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். மூடியை எடுத்ததும் மூக்கை உள்ளே நுழைக்க வேண்டாம். முகவாய்க்குக் கீழே கோப்பையைப் பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். பிறகு உதடு வரை, பிறகு விளிம்பு வரை. எரியத் தொடங்கும் இடத்தில் ஒரு விரற்கடை பின்வாங்கினால் அதுதான் உங்கள் இடம். ஒரு நேரத்தில் ஒரு நாசித் துவாரம்தான் நன்றாகத் திறந்திருக்கும், ஆகவே இரண்டாலும் தனித்தனியே முகருங்கள். நாலைந்து மூச்சில் மூக்கு பழகிப்போய் உணர்வதை நிறுத்திவிடும். அப்போது உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள்.

அங்கே என்ன தேடுவது? நம் சமையலறையில் உள்ளவைதான் முதலில் வரும். ஓக் மரத்திலிருந்து வரும் யூஜெனால் கிராம்பில் இருக்கும் அதே மூலக்கூறு. வனிலின் தருவது வனிலா ஐஸ்கிரீம் வாசனை. ஓக் லாக்டோன் என்பதுதான் தேங்காய், கொப்பரை வாசனை. அமெரிக்க ஓக்கில் அது கூடுதல். ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாகும் ஐசோஅமைல் அசிட்டேட் வாழைப்பழம். பீட் எனும் கரிமண்ணின் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, உலர்த்தினால் குவாயகால் புகை வாசனையையும், கிரெசால் பழைய ஆஸ்பத்திரி வராந்தாவின் கிருமிநாசினி வாடையையும் கொடுக்கும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளில் பலவற்றின் அடையாளமே அது. இந்தப் புகைச் சேர்மங்களுக்குப் பொதுப்பெயர் ஃபீனால். லேபிளிலும் விளம்பரத்திலும் போடும் ஃபீனால் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கு மால்ட்டில் எடுத்தது; வடித்து முடிப்பதற்குள் பெரும்பகுதி போய்விடும்.

மொலாசஸ் எனும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்து வரும் விஸ்கிகளில் இவ்வளவு தேடக் கிடைக்காது. பின்பக்க லேபிளைப் படித்து வாங்குங்கள். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்காட்ச்சில்கூடக் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

இனி தண்ணீர். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் ஒன்று காட்டினார்கள். எத்தனால் 45 விழுக்காடு வரை இருக்கும் கலவையில் குவாயகால் மேற்பரப்பில் நிற்கிறது. 59 விழுக்காட்டைத் தாண்டினால் எத்தனால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மேலே இருப்பதுதான் மூக்குக்கு எட்டும். ஆகவே தண்ணீர் விடுவது கௌரவக் குறைச்சல் அல்ல. பெங்களூரின் அம்ருத் ஃபியூஷன் 50 விழுக்காடு, 20 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., விட்டால் 40க்கு வந்துவிடும். நம்மூர்ப் பாட்டில்களில் வழக்கமான 42.8 விழுக்காட்டுக்கு அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். பிளெண்டர்கள், அதாவது ஆலையில் விஸ்கிகளைக் கலந்து சேர்க்கும் வல்லுநர்கள், வேலைக்காக முகரும்போது 20 விழுக்காடு வரைகூட இறக்குவார்கள். குறைகள் அங்கே ஒளிய முடியாது. 46க்கு மேலுள்ள, குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத விஸ்கி தண்ணீர் பட்டதும் லேசாகக் கலங்கும். கொழுப்பு அமில எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் பிரிவதால் வரும் கலங்கல் அது, கெட்டுப்போனதல்ல.

எந்தத் தண்ணீர் என்பதில் சென்னைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். போர் தண்ணீரில் உப்பு. லாரித் தண்ணீரில் குளோரின். அது புகை விஸ்கியின் ஃபீனாலோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகி மருந்துக்கடை வாடை தூக்கலாகிவிடும், பழியோ விஸ்கி மேல் விழும். ஆர்ஓ தண்ணீர் நல்லது. வெயிலில் கிடந்த கேன் என்றால் பிளாஸ்டிக் வாடை இருக்கிறதா என்று முதலில் தண்ணீரை முகர்ந்து பாருங்கள்.

வாயில் வைக்கும் முதல் மிடறைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது வாயைப் பழக்க. இரண்டாவதை, அரை டீஸ்பூன் அளவு, நாக்கு முழுக்கப் பரப்பிப் பத்து விநாடி வைத்திருங்கள். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விடுங்கள். சோம்பு மிட்டாயில் நடந்தது இங்கே நடக்கும். கோப்பையில் முகர்ந்தபோது வராதவை இந்த மூச்சில் வரும்.

குறைகளையும் அறிந்துகொள்ளுங்கள். அணைந்த தீக்குச்சி, அழுகிய முட்டை வாடை வந்தால் கந்தகம். ஷெர்ரி எனும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயைக் கந்தகம் எரித்துப் பாதுகாத்ததாலோ, வடிகலனின் செம்பு போதிய அளவு படாததாலோ வருவது. ஈர அட்டைப்பெட்டி வாடை பெரும்பாலும் கெட்ட கார்க். வியர்த்த தோல் செருப்பு வாடை, காய்ச்சி வடிக்கும்போது கடைசியில் வரும் பகுதியைத் தாமதமாக வெட்டி ஒதுக்கியதன் அடையாளம்.

ஒரு மாலைக்கு மூன்று மாதிரி போதும், புகை விஸ்கி கடைசியில். அதற்கு மேல் மூக்கு ஒத்துழைக்காது. வீட்டுக்குப் போக ஆட்டோ பிடியுங்கள். பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள், படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, அடுப்பு இல்லாத பக்கத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.