அந்த ‘ஆர்’ எந்த ஊர்?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் சேஸிஸ் நம்பரில் ‘ஆர்’ என்ற எழுத்து இருக்கிறது. அது எந்த ஊரில் பூட்டிய வண்டி? கம்பெனி பெயரைச் சொல்லாமல் இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஃபோர்டு என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹொசே. செவ்ரலே என்றால் டெக்சாஸின் ஆர்லிங்டன். 1968-க்குப் பிந்தைய கிரைஸ்லர் என்றால் டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் விண்ட்சர். 17 இலக்கப் பொதுமுறை 1981 மாடலில்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ஒரு கம்பெனியின் பட்டியலை வைத்துக்கொண்டு இன்னொன்றின் நம்பரைப் படிப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு.

ஃபோர்டின் முஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். 1965 வண்டி ஒன்றின் நம்பர் 5, ஆர், 09, கே, பிறகு ஆறு இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 என்பது மாடல் ஆண்டு. ஆர், சான் ஹொசே. 09 என்பது ஃபாஸ்ட்பேக் உடல், அதாவது கூரை பின்னால் சரிந்து இறங்குவது. 07 கூரை மூடியது, 08 திறந்தது. கே என்பது 271 குதிரைத்திறன் தரும் 289 கன அங்குல எஞ்சின். 1964 மார்ச்சில் டியர்பார்னில் பூட்டிய முதல் வண்டிகளுக்கும் ஆண்டு இலக்கம் 5-தான். அவற்றை ‘அறுபத்து நாலரை’ என்பது ரசிகர்கள் வைத்த பெயர். நம்பரில் அப்படி எதுவும் கிடையாது.

டியர்பார்னுக்கு எஃப். நியூ ஜெர்சியின் மெட்டச்சனுக்கு, எஸ்-க்கு அடுத்த எழுத்தான டி. முஸ்டாங் அந்நாளில் இந்த மூன்று ஆலைகளில்தான் பூட்டப்பட்டது. கடைசி ஆறு இலக்கத்தைப் பார்த்து ‘இத்தனையாவது முஸ்டாங்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் 100001 என்றே தொடங்கியது. சான் ஹொசேயில் மற்ற ஃபோர்டு மாடல்களும் அதே வரிசையில் எண் வாங்கின.

நம்பரை எங்கே பார்ப்பது? ஓட்டுநர் கதவின் பின்விளிம்பில் ஒரு தகடு ரிவெட் அடித்திருக்கும். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். அதே போன்ற புதுத் தகடு கடையில் கிடைக்கிறது. பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்க ஃபெண்டரின் மேல் விளிம்பில் அரைவட்டமாக வெட்டிவிட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அதன் கீழே உள்தகட்டில் பொறித்திருப்பதுதான் உண்மையான எண். கதவுத் தகட்டில் 71, 72 போன்ற இரண்டு இலக்கமும் இருக்கும். அது விற்பனை மாவட்டம். 71 லாஸ் ஏஞ்சலஸ், 72 சான் ஹொசே. ஆலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஷெல்பி என்பது முஸ்டாங்கை வாங்கி மாற்றியமைத்து விற்ற வேக வண்டி. அதை வாங்குகிறவர்களுக்கு இந்த ஓர் எழுத்தே லட்சக்கணக்கில் பணம். 1965 முதல் 1967 வரை ஷெல்பிக்குப் போன முஸ்டாங்குகள் சான் ஹொசேயிலிருந்து போனவை. 1968-இல் மெட்டச்சனில் பூட்டி, மிச்சிகனின் அயோனியாவில் மாற்றியமைத்தார்கள். எனவே 1968 ‘ஷெல்பி’யின் இரண்டாம் இடத்தில் எஃப் இருந்தால், விற்பவர் சொல்லும் கதையை மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. முஸ்டாங்கின் இன்னொரு வேக மாடலான பாஸ் 429-க்கு நேர்மாறு: அது டியர்பார்ன் வண்டி, எஃப்-தான் இருக்க வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் ஒரு குழப்பம். சான் ஹொசே ஆலை உண்மையில் மில்பிடாஸில் இருந்தது. இன்று அந்தக் கட்டடம் பெரிய வணிக வளாகம். மெட்டச்சன் ஆலை இருந்தது எடிசனில். செவ்ரலேயின் ‘லாஸ் ஏஞ்சலஸ்’ என்பது வான் நைஸ்.

வான் நைஸ் என்றதும் செவ்ரலேயின் கமாரோவுக்கு வருவோம். 1967 முதல் 1969 வரை அமெரிக்காவில் அது ஒஹையோவின் நார்வுட்டிலும் (என்) வான் நைஸிலும் (எல்) பூட்டப்பட்டது. 1969 நார்வுட் வண்டிகள் பலவற்றின் ஃபயர்வால் தகட்டில் எக்ஸ்33, எக்ஸ்77 போன்ற குறியீடுகள் இருக்கும். இவ்விரண்டும் கமாரோவின் வேக மாடலான இசட்28-ஐக் காட்டுபவை. வான் நைஸ் தகட்டில் எக்ஸ் குறியீடே போடவில்லை. இது தெரியாமல், ‘எக்ஸ் இல்லை, ஆகவே இது போலி’ என்று நல்ல கலிஃபோர்னியா வண்டியை ஒதுக்கிவிடுகிறார்கள். அதே காரணத்தால், வான் நைஸ் தகட்டில் எக்ஸ் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சினையும் ஒத்துப் பாருங்கள். செவ்ரலேயின் ‘சிறு பிளாக்’ வி8 எஞ்சினில், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டின் முன்னே ஒரு சமதளம் உண்டு. 1969 நார்வுட் வண்டியானால் அங்கே 1, 9, என், பிறகு வண்டியின் கடைசி ஆறு இலக்கம். பக்கத்திலேயே வி அல்லது டி என்று தொடங்கும் இன்னொரு பொறிப்பு இருக்கும். அது எஞ்சின் ஆலை: ஃபிளின்ட் அல்லது டோனவாண்டா. அடுத்த நான்கு இலக்கம் மாதமும் நாளும். வண்டி பூட்டிய வாரத்துக்குப் பிந்தைய தேதி அதில் இருந்தால், அது அந்த வண்டியோடு வந்த எஞ்சின் அல்ல. பிளாக்கின் மேல்முகத்தை மிஷினில் சீவினால் இந்தப் பொறிப்பும் போய்விடும். எனவே எண் இல்லாததெல்லாம் மோசடி அல்ல. ஆலை விட்ட மெல்லிய நேர்க்கீறல்கள் இல்லாத வழவழப்பான தளத்தில் எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், அங்கேதான் உஷாராக வேண்டும்.

கிரைஸ்லர் ரசிகர்கள் இடத்தை எண்ணிப் படிக்க வேண்டும். கிரைஸ்லரின் பாரகுடாவில் வேக மாடலான 1970 குடா ஒன்றின் நம்பர் பி (ஏ-க்கு அடுத்த எழுத்து), எஸ், 2, 3, ஆர், 0, மீண்டும் அதே பி என்று தொடங்கும். முதல் பி பாரகுடா. ஏழாவது பி ஹாம்ட்ராம்க் ஆலை. நடுவில் ஐந்தாவதாக வரும் ஆர், விண்ட்சர் அல்ல. அது 426 ஹெமி எஞ்சின். ஏழாம் இடத்தில் ஈ இருந்தால் லாஸ் ஏஞ்சலஸ்.

கடைசியாக செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் கார், கார்வெட். 1953-இல் ஃபிளின்ட்டில் பூட்டியவை 300-தான். எல்லாம் வெள்ளை, உள்ளே சிவப்பு. பிறகு நெடுங்காலம் செயின்ட் லூயிஸ். 1981 ஜூனில் கென்டக்கியின் பௌலிங் கிரீன் தொடங்கியது. ஜூலை முடிவில் செயின்ட் லூயிஸ் நின்றது. ஆக, 1981 கார்வெட்டுக்கு இரண்டு பிறந்த ஊர். 17 இலக்கத்தில் பதினோராவதாக எஸ் இருந்தால் செயின்ட் லூயிஸ், 5 இருந்தால் பௌலிங் கிரீன். செயின்ட் லூயிஸ் அடித்தது லாக்கர் பெயின்ட். பௌலிங் கிரீன் எனாமல் அடித்து, மேலே கிளியர் கோட் பூசியது. அந்த ஆண்டு வண்டிக்கு மறுபூச்சு போடுகிறவர்கள் பெயின்ட் வாங்குமுன் அந்த ஓர் இடத்தைப் பார்த்துவிடுங்கள்.