சன்டியூ: அறுபது வருடம் மிதவை சுமந்த கப்பல்

[காட்சி: பனிக்கட்டி படர்ந்த ஏரி. கறுப்பு நிறக் கப்பல் ஒன்று கட்டிகளை உடைத்துக்கொண்டு வருகிறது.]

வணக்கம். இந்தக் கப்பலின் பெயர் சன்டியூ. பூச்சி பிடித்துத் தின்னும் ஒரு சின்னச் செடியின் பெயர் அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக 180 அடி நீளத்தில் 39 மிதவைக் கப்பல்கள் கட்டப்பட்டன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே மின்னசோட்டாவின் டுலூத் நகரத்தில் உருவானவை. சன்டியூ 1944-ல் பணிக்கு வந்தது.

சரி, மிதவைக் கப்பலுக்கு என்ன வேலை?

[காட்சி: கப்பலின் முன்தளம்.]

சன்டியூ வேலை செய்தது வட அமெரிக்காவின் பேரேரிகளில். அங்கே கப்பல்களுக்குப் பாதை காட்டுபவை மிதவைகள். குளிர்காலப் பனிக்கட்டி அவற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் பனி வருவதற்குள் எடுக்க வேண்டும், வசந்தத்தில் திரும்பப் போட வேண்டும். வருடா வருடம் இதேதான்.

தளத்தில் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பளுதூக்கி தூக்கும்போது, டன் கணக்கில் எடையுள்ள மிதவை தண்ணீர் சொட்டச் சொட்ட ஆடிக்கொண்டு வரும். ஆட்கள் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பார்கள். அப்புறம் சங்கிலி. அதன் அடி நுனியில், மிதவையை நகராமல் நிறுத்தும் கான்கிரீட் பாளம். ஏரித் தரையில் உரசும் இடத்தில்தான் கண்ணிகள் அதிகம் தேயும். அளந்து பார்த்து, மெலிந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கோர்ப்பார்கள்.

கப்பலையும் அப்படித்தான் காப்பாற்றினார்கள். தேய்ந்தது போகும், புதியது வரும். பனியைத் தாங்கக் கட்டிய உடல் வேறு. நன்னீர் ஏரி என்பதால் துருவும் மெதுவாகத்தான் ஏறும்.

[காட்சி: இரவு, புயல், மிச்சிகன் ஏரி.]

1958 நவம்பர் 18. கார்ல் டி. பிராட்லி என்ற 639 அடி சரக்குக் கப்பல் புயலில் முறிந்து மூழ்கியது. அதில் 35 பேர். அன்று மாலையே சார்லவாய் துறைமுகத்திலிருந்து சன்டியூ புறப்பட்டது. முறிந்துபோன கப்பலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கப்பல், அதே அலைகளுக்குள் போகிறது! இரவெல்லாம் தேடி, மறுநாள் காலை ஒரு தெப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். பிராட்லியில் பிழைத்தவர்கள் அந்த இருவர் மட்டுமே. மிதவை தூக்கிப் பழகிய கைகள்தான் அவர்களையும் தூக்கின. எனக்கு இந்தக் கப்பல் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

[காட்சி: டுலூத் துறைமுகம்.]

1980களில் சன்டியூ டுலூத்துக்கே திரும்பி வந்தது. 2004-ல், கட்டிய ஊரிலேயே ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு 225 அடியில் ஒரு புதுக் கப்பல் வந்தது. பெயர் ஆல்டர். அதுவும் ஒரு தாவரத்தின் பெயர்தான், இந்தத் தடவை ஒரு மரம்.