ஒன்பது வருடம் தாமதமாக வந்த தங்கம்

அனைவருக்கும் வணக்கம்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குண்டு எறிதல் போட்டியை ஏதென்ஸில் வைக்கவில்லை. பண்டைய ஒலிம்பிக் நடந்த அதே ஒலிம்பியாவில் வைத்தார்கள். அமெரிக்காவின் ஆடம் நெல்சன் முதல் எறியிலேயே 21.16 மீட்டர் எறிந்தார். அதற்கப்புறம் எறிந்த ஐந்தும் ஃபவுல். கடைசிச் சுற்றில் உக்ரைனின் யூரி பிலோனோக் அதே 21.16 மீட்டரைத் தொட்டார். இருவரும் சமம் என்றால் அவரவருடைய இரண்டாவது சிறந்த எறியைப் பார்ப்பார்கள். நெல்சனிடம் இரண்டாவது எறி என்று ஒன்று இல்லவே இல்லை. தங்கம் பிலோனோக்குக்குப் போனது.

2012இல், உறைய வைத்திருந்த பழைய சிறுநீர் மாதிரிகளை எடுத்து மறுபடி சோதித்தார்கள். பிலோனோக்கின் மாதிரியில் ஸ்டீராய்டு என்ற ஊக்கமருந்து இருந்தது. அன்றைய விதிப்படி எட்டு வருடம் தாண்டிவிட்டால் எந்த மாதிரியையும் தொட முடியாது. அந்தக் கெடு முடிகிற நேரத்தில் செய்த சோதனை அது. அடுத்த வருடம் நெல்சனுக்குத் தங்கம் வந்தது. எங்கே தெரியுமா? அட்லாண்டா விமான நிலையத்தில், பயணிகள் சாப்பிடும் இடத்தில், ஒலிம்பிக் கமிட்டி அதிகாரி ஒருவர் அதை அவர் கையில் கொடுத்தார். மேடை இல்லை, கொடி ஏறவில்லை.

ஊக்கமருந்து என்று பேச்சு எடுத்தாலே மாட்டிக்கொண்டவரைப் பற்றித்தான் பேசுகிறோம். 1988இல் சியோலில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிவிட்டு, மூன்றே நாளில் பதக்கத்தை இழந்த பென் ஜான்சனை எல்லோருக்கும் தெரியும். பறிகொடுத்தவர்களின் பெயர் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஊக்கமருந்தைத் தடுக்கும் உலகளாவிய முயற்சி உருப்படியாக நடக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அவர்கள்தான். எத்தனை பேரைப் பிடித்தோம் என்பதை அப்புறம் பார்க்கலாம். நேர்மையாக ஆடியவருக்கு அவருடையது போய்ச் சேர்ந்ததா? முதல் கேள்வி அது.

இந்த முயற்சி எப்படி ஆரம்பித்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1967இல் பிரெஞ்சு சைக்கிள் பந்தயத்தில், மோன் வான்டூ மலை ஏற்றத்தில், இங்கிலாந்தின் டாம் சிம்ப்சன் சரிந்து விழுந்து இறந்தார். உடம்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கமருந்து இருந்தது. அடுத்த வருடமே ஒலிம்பிக்கில் சோதனை வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு விளையாட்டுச் சங்கமும் தன் ஆட்களைத் தானே சோதித்துக்கொண்டது. தன் விளையாட்டின் மானம் போய்விடும் என்று பயப்படுகிறவரிடமே காவலையும் கொடுத்தால் என்ன ஆகும்? 1998இல் அது தெரிந்தது. அதே பிரெஞ்சுப் பந்தயம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பெஸ்டினா அணியின் உதவியாளர் ஓட்டிவந்த காரை பெல்ஜியம் எல்லையில் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். உள்ளே ஈபிஓ உட்பட அவ்வளவு மருந்து. ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் அந்த மருந்தைக் கண்டுபிடிக்க அன்றைக்குச் சோதனையே கிடையாது. சங்கங்கள் பிடிக்காததைச் சுங்கச்சாவடி பிடித்தது.

அந்த அதிர்ச்சியில்தான் 1999 பிப்ரவரியில் விளையாட்டு அமைப்புகளும் அரசுகளும் ஸ்விட்சர்லாந்தின் லோசானில் கூடின. அந்த நவம்பரிலேயே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பிறந்தது. வாடா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். செலவில் பாதி ஒலிம்பிக் இயக்கம், பாதி அரசுகள். 2004இல் எல்லா விளையாட்டுக்கும் ஒரே விதித்தொகுப்பு வந்தது. அரசுகள் தனியார் அமைப்பின் விதியில் கையெழுத்துப் போட முடியாது என்பதால், அதற்காகவே யுனெஸ்கோ 2005இல் தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. அதில் 190க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன.

சரி, களத்தில் இது எப்படி இருக்கும்? உயர்மட்ட வீரர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம், காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில், தான் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கதவைத் தட்டும்போது அங்கே இல்லை என்றால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு என்றால் தடை. அதிகாரி வந்தால் அவர் கண் முன்னே சிறுநீர் கொடுக்க வேண்டும், குறைந்தது 90 மில்லி. அதை வீரரே இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, மூடியைத் தானே திருகி மூடுவார். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டும் போகும். இருபது வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் வருடக்கணக்காகப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, உடம்பில் இருந்தது எப்படி வந்தாலும் பொறுப்பு வீரருடையதுதான். ஸ்காட்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் அலன் பாக்ஸ்டர் 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். மூக்கடைப்புக்கு அவர் வழக்கமாக உறிஞ்சும் மருந்தைத்தான் அமெரிக்காவில் வாங்கியிருக்கிறார். அங்கே விற்றதில் தடைசெய்யப்பட்ட வேறு ஒரு பொருள் சேர்ந்திருந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. இந்த விதி கொடுமையானது என்று நினைக்கிறேன். ஆனாலும் இதை எடுத்துவிட்டால் எல்லோரும் மூக்கடைப்பு என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவு பாரத்தை வீரர்மேல் ஏற்றும்போது, புட்டியை வாங்கிக்கொள்கிறவரின் கை சுத்தமாக இருக்க வேண்டாமா? 2014இல் ரஷ்யாவின் சோச்சியில், குளிர்கால ஒலிம்பிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ரஷ்ய ஆய்வகத்தின் சுவரில், தரையை ஒட்டி, கையகல ஓட்டை. ராத்திரியில் அதன் வழியாக ரஷ்ய வீரர்களின் புட்டிகள் பக்கத்து அறைக்குப் போகும். திறக்கவே முடியாது என்று நம்பிய மூடியை உளவுத்துறை ஆட்கள் திறப்பார்கள். மாதக்கணக்கில் முன்பே சேர்த்துவைத்த சுத்தமான சிறுநீரை ஊற்றுவார்கள். பழைய மாதிரியின் தன்மைக்குப் பொருந்த உப்பும் சேர்ப்பார்கள். விடிவதற்குள் புட்டி திரும்ப வந்துவிடும். ஆய்வகத்தின் இயக்குநர் ரோட்சென்கோவே பின்னால் இதை வெளியே சொன்னார். விசாரித்த மெக்லாரன் குழு மூடிகளின் உள்பக்கம் கீறல்களைப் பார்த்தது. பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டு மாதிரிகளில் ஆணின் மரபணு இருந்தது. யோசித்துப் பாருங்கள். தன் கையால் மூடியைத் திருகிவிட்டு, பாதுகாப்பாகப் போய்ச் சேரும் என்று நம்பித் தூங்கப் போன மற்ற நாட்டு வீரர்களும் அதே கட்டடத்தில்தான் மாதிரி கொடுத்தார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் பயிற்சிக்கு வந்த சிறுமிகளுக்கு ஊக்கமருந்தான நீல மாத்திரையை வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தது அரசுதான். பாதி அரசுகளின் பணத்தில் நடக்கும் முகமை அரசுகளைத் தட்டிக் கேட்குமா என்ற கேள்வி அதனால்தான் விடாமல் வருகிறது. 2021இல் 23 சீன நீச்சல் வீரர்களின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட இதய மருந்து ஒன்று தெரிந்தது. விடுதிச் சமையலறையிலிருந்து கலந்துவிட்டது என்று சீன அமைப்பு சொன்னது, வாடா ஏற்றது. வாடா பாரபட்சம் காட்டவில்லை என்று பிறகு ஒரு தனி விசாரணை சொன்னது. இருக்கட்டும். ஆனால் 2024இல் பத்திரிகைகள் எழுதும்வரை, அவர்களோடு டோக்கியோ ஒலிம்பிக்கில் நீந்திய யாருக்கும் இது தெரியாது. அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று மாதிரிகளைப் பத்து வருடம் வைத்திருக்கிறார்கள். ரத்த அளவுகளை வருடக்கணக்காகப் பதிந்து, மருந்து பிடிபடாவிட்டாலும் மாற்றத்தைப் பிடிக்கும் முறையும் வந்துவிட்டது. இதெல்லாம் நெல்சன் தங்கத்தை இழந்த 2004இல் இல்லை. லண்டன் 2012இல் பெண்கள் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் அமெரிக்காவின் லஷிண்டா டீமஸ் 0.07 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டார். முதலில் வந்த ரஷ்ய வீராங்கனை மாட்டியது 2022இல், மாஸ்கோ ஆய்வகத்தின் கணினியிலிருந்து கிடைத்த பழைய பதிவுகளால். இந்தத் தடவை விமான நிலையத்தில் கொடுக்கவில்லை. 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, ஐஃபல் கோபுரம் தெரியும் இடத்தில் மேடை போட்டு, கூடியிருந்தவர்களுக்கு முன்னால் கழுத்தில் அணிவித்தார்கள். டீமஸுக்கு அப்போது 41 வயது. ஓடுவதை விட்டே பல வருடம் ஆகியிருந்தது.