டைட்டானியம் தூளும் கடற்காற்றும்

நேயர்களே, வணக்கம். லேத் பட்டறையில் பொன்னிறமாக மின்னும் ட்ரில் பிட்டைப் பார்த்திருப்பீர்கள். அது டைட்டானியம் நைட்ரைடுப் பூச்சு; டைட்டானியம் உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம். டைட்டானியம் தூளை நைட்ரஜனில் அரைத்து, பிறகு உலையில் சுட்டால் அந்த நைட்ரைடு தூளாகவே கிடைக்கும். இராமநாதபுரம் கரையோர ஆய்வகங்களில் இதைச் செய்ய விரும்பும் மாணவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

அரைப்பது பால் மில்லில்: மூடிய குடுவையைச் சுழற்றினால், உள்ளே உருளும் உருண்டைகள் தூளை இடித்து அரைக்கும். 250 மில்லிலிட்டர் எஃகுக் குடுவைக்கு 10 கிராம் தூள், 100 கிராம் எஃகு உருண்டைகள். கால் மணி நேரம் ஓட்டம், கால் மணி நேரம் ஓய்வு. ஓய்வில்லாமல் ஓட்டினால் தூள் சூடேறிச் சுவரில் அப்பிக்கொள்ளும்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். 10 கிராம் டைட்டானியம் முழுதாக நைட்ரைடாக மாற 2.9 கிராம் நைட்ரஜன் வேண்டும். வாயுவாக அது சுமார் இரண்டரை லிட்டர். சாதாரண அழுத்தத்தில் குடுவைக்குள் இருப்பதோ கால் லிட்டர்கூட இல்லை. அதனால் ஒரே தடவை வாயு நிரப்பிவிட்டு நாள்கணக்கில் அரைப்பது வீண். உருண்டை தேய்ந்து இரும்புதான் கலக்கும். துகளை உடைத்து, புதுப் பரப்பைத் திறந்து, படிகத்தைக் குலைத்து வைப்பதே அரைவையின் வேலை. மிச்சத்தை 800, 900 டிகிரியில், நைட்ரஜன் ஓடும் உலை முடித்துவிடும்.

நம் கரையில் பெரிய எதிரி ஈரம். டைட்டானியத்துக்கு நைட்ரஜனைவிட, ஈரத்திலும் காற்றிலும் உள்ள ஆக்சிஜன் மேல்தான் பிடிப்பு அதிகம். மூடியின் ரப்பர் வளையத்தில் ஓர் உப்புத் துகள் இருந்தாலே காற்று கசியும். ஒவ்வொரு முறையும் வளையத்தையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உருண்டைகளை ஓவனில் காயவைத்த பிறகே போடுங்கள்.

உலைப் படகில், அதாவது தூளை வைத்து உலைக்குள் தள்ளும் சிறு தட்டில், தூளைச் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். வினையே வெப்பத்தை உமிழும். குவித்து வைத்தால் நடுப்பகுதி கட்டிதட்டி, உள்ளே நைட்ரஜன் போகாது. நன்றாக ஆறும்வரை வாயுவை நிறுத்தாதீர்கள். பிறகு எடை போடுங்கள்: 10 கிராம் 12.9 ஆகியிருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி அரைத்து, மறுபடி சுடுங்கள். ஆக்சிஜனும் எடையைக் கூட்டும் என்பதால், உருவானது எந்தச் சேர்மம் என்று காட்டும் எக்ஸ்ரே சோதனை அவசியம். பொன்னிறம் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். நுண்தூள் கரும்பழுப்பாகத்தான் இருக்கும்.

அரைத்த தூள் காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கக்கூடும். குடுவையை நைட்ரஜன் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள்தான் (சுவரில் கையுறைகள் பொருத்திய, காற்றுப் புகாத பெட்டி) திறக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ கூடவே கூடாது. கடற்கரை மணலை வாளியில் வைத்திருப்பதும் தவறு: அதிலுள்ள ஈரம் ஹைட்ரஜனாக மாறித் தீயை வளர்க்கும். உப்பளத்துக் கல்லுப்பும் ஈரத்தை இழுக்கும். தீயை மூடுவதற்கு, சுத்தமான தூள் உப்பை ஓவனில் காயவைத்து, காற்றுப் புகாத டின்னில் அடைத்து, கையெட்டும் இடத்தில் வையுங்கள். வணக்கம்.