கலிபோர்னியாவில் வரியை எழுதுவது யார்?

எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் வீடு வாங்கியவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் கவுண்டியிலிருந்து, அதாவது மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகத்திலிருந்து, சொத்து வரி பில் வரும். பல பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, கட்டிவிட்டு, மறந்துவிடுவார்கள். இன்றைக்கு அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று பேசலாம். அதன் அடிப்படையை முடிவு செய்தது இன்றைய ஆளுநரும் இல்லை, இன்றைய சட்டமன்றமும் இல்லை. 1978 ஜூன் 6 அன்று வாக்குச்சாவடிக்குப் போன மக்கள்தான்.

இங்கே 1911-லிருந்து ஒரு உரிமை இருக்கிறது. போதுமான கையெழுத்துகளைத் திரட்டினால் சாதாரண மக்களே ஒரு சட்டத்தை எழுதி வாக்குச்சீட்டில் ஏற்றலாம். அரசியல் சட்டத்தையே திருத்துவதாக இருந்தால், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான், பிறகு பாதிக்கு மேல் ஒரு ஓட்டு விழுந்தால் அது சட்டம்.

எழுபதுகளில் வீட்டு விலை மளமளவென்று ஏறியது, வரியும் கூடவே ஏறியது. பென்ஷனில் வாழ்ந்த முதியவர்கள், கடனை அடைத்து முடித்த சொந்த வீட்டையே வரி கட்ட முடியாமல் விற்க வேண்டி வருமோ என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் அரசின் கையில் பல நூறு கோடி டாலர் உபரி இருந்தும் நிவாரணம் சரியான நேரத்தில் வரவில்லை. அந்தக் கோபத்தைத்தான் வரி எதிர்ப்பாளர்களான ஹோவர்ட் ஜார்விஸும் பால் கேனும் ப்ரொபொசிஷன் 13 ஆக, அதாவது 13-ம் எண் முன்மொழிவாக, வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். கிட்டத்தட்ட 65 சதவீதம் ஆதரவோடு அது ஜெயித்தது.

அது என்ன சொன்னது? சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975 நிலைக்குத் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதோ புதிதாக ஏதாவது கட்டும்போதோதான் சந்தை விலைக்கு மறுபடி மதிப்பிட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1978-ல் 60,000 டாலர் மதிப்பிருந்த வீடு, 45 வருடம் வருடத்துக்கு 2 சதவீதம் ஏறினால் வரிக்கான மதிப்பு ஏறத்தாழ 1,46,000 டாலர், வரி சுமார் 1,460. அதே தெருவில் அதே மாதிரி வீட்டை இப்போது 15 லட்சம் டாலருக்கு வாங்குகிற இளம் தம்பதிக்கு 15,000. அதே பள்ளிக்கூடம், அதே தீயணைப்பு நிலையம், அதே சாலை. இது சமத்துவமா என்று கேட்டு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது, 1992-ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. முதியவரின் வீட்டுக்காகக் கேட்ட பாதுகாப்பு அலுவலகக் கட்டிடங்களுக்கும் பெரிய நிறுவனங்களின் நிலங்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. மனிதர்கள் வீட்டை விற்பார்கள், இறந்து போவார்கள், மதிப்பு புதுப்பிக்கப்படும். நிறுவனம் ஒரே நிலத்தைப் பல தலைமுறை கையில் வைத்திருக்கலாம். 2020-ல் ப்ரொபொசிஷன் 15 இதைப் பிரித்து, பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை விலை என்று கேட்டது. சுமார் 52க்கு 48 என்ற கணக்கில் தோற்றது. நியாயமான திருத்தம் அது, தோற்றதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் ப்ரொபொசிஷன் 13-ல் இருக்கிறது. மாநில வரியை ஏற்ற வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆனால் மக்கள் நேரடியாக வாக்குச்சீட்டில் ஏற்றும் மாநில வரிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் போதும்! அதனால் வரி ஏற்ற நினைப்பவர்களும் அதே வாக்குச்சீட்டைத் தேடி வர வேண்டியதாயிற்று. 1978-ல் ஆளுநராக இருந்து 13-ஐ எதிர்த்த ஜெர்ரி பிரவுன், மறுபடி ஆளுநராகி 2012-ல் பள்ளிகளுக்கு வெட்டு விழும் நிலை வந்தபோது மக்களிடமே போனார். ப்ரொபொசிஷன் 30, வருடம் 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குக் கூடுதல் வருமான வரி, எல்லோருக்கும் விற்பனை வரியில் கால் சதவீதம். ஜெயித்தது. 2016-ல் ப்ரொபொசிஷன் 55 அந்த வருமான வரியை மட்டும் 2030 வரை நீட்டித்தது.

மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். கொலராடோ 1992-ல் வாக்காளர் சம்மதம் இல்லாமல் வரியை ஏற்றவே கூடாது என்று எழுதிக்கொண்டது. மாசசூசெட்ஸ் 2022-ல் 10 லட்சம் டாலருக்கு மேல் உள்ள வருமானத்துக்கு 4 சதவீதம் கூடுதல் வரி போட்டது.

ஓட்டுரிமை உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேர்தலுக்கு முன் மாநிலம் ஒரு கையேடு அனுப்பும். தொலைக்காட்சி விளம்பரத்தை விடுங்கள், கையேட்டின் பின்பக்கம் போங்கள். சட்டத்தின் முழு வாசகம் அங்கே இருக்கும், புதிதாகச் சேர்ப்பது சாய்வெழுத்தில், நீக்குவது கோடு அடித்து. "வீடு" என்று பேசுகிற விளம்பரத்துக்குப் பின்னால் சட்டம் "எல்லா அசையாச் சொத்தும்" என்று எழுதியிருக்கிறதா, எத்தனை பங்கு ஓட்டில் இதை மாற்ற முடியும், எந்த வருடம் முடிகிறது, இந்த மூன்றையும் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் ஓட்டுப் போடுங்கள்.