28 ஆண்டு காத்திருந்தோம்; புத்தகத்தில் புலி எங்கே?

(திரையில்: மேசை விளக்கின் கீழே ஒரு சிறிய புத்தகம். ஒரு கை அதை மெல்லத் திறக்கிறது.)

வணக்கம். ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ சித்திரத் தொடரை எழுதி வரைந்த பில் வாட்டர்சனின் புதிய புத்தகம் கைக்கு வந்த அன்றே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டேன். கால்வின் இல்லை. ஹாப்ஸ் இல்லை. சிரிப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இருட்டு! ஆனாலும் அவர் செய்த காரியங்களிலேயே துணிச்சலானது இதுதான் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கால்வின் ஆறு வயதுப் பையன். ஹாப்ஸ் அவனுடைய புலி. மற்றவர்கள் கண்ணுக்கு அது துணிப் பொம்மை, அவனுக்கு உயிருள்ள தோழன். அமெரிக்காவில் 1985 நவம்பர் 18 அன்று தொடங்கிய இந்தச் சித்திரத் தொடர், உச்சத்தில் 2,400க்கும் அதிகமான நாளிதழ்களில் வந்தது. 1995 டிசம்பர் 31 அன்று வாட்டர்சன் தானாகவே நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான் முன்கதை.

2023 அக்டோபரில் வெளிவந்த இந்தப் புத்தகத்தின் பெயர் ‘தி மிஸ்ட்ரீஸ்’, அதாவது மர்மங்கள். 72 பக்கம். அட்டையில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயர் ஜான் காஷ்ட். பிரபலங்களின் முகங்களைக் கேலிச்சித்திரமாக வரைவதில் பேர்பெற்றவர்.

இந்த இடத்தில்தான் நான் அசந்துபோனேன். பத்தாண்டுகள் உதவியாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு கோட்டையும் தன் கையால் இழுத்தவர் வாட்டர்சன். ஹாப்ஸைப் பொம்மையாக்கி விற்கிறோம் என்று வந்தவர்களோடு வருடக்கணக்கில் போராடி, வாசல்வரை வந்த பணத்தைத் திருப்பியனுப்பியவர். அப்படிப்பட்டவர் தன் பக்கத்தில் பாதியை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். அதுவும் யாரிடம்? தன் போக்குக்கு நேரெதிரான ஒருவரிடம். காஷ்டுக்குத் திட்டம் வேண்டும். வாட்டர்சனுக்கோ தடவித் தடவிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இந்த முட்டலும் மோதலுமாகவே சில ஆண்டுகள் சேர்ந்து வேலைசெய்திருக்கிறார்கள்.

அது படத்தில் தெரிகிறதா என்றால், தெரிகிறது. விளக்கைச் சாய்த்துவைத்து ஒரு பக்கத்தை உற்றுப் பாருங்கள். முகங்கள் களிமண்ணில் பிடித்தவை. கன்னத்துச் சுருக்கத்தையும் கண்ணுக்குக் கீழே தொங்கும் சதையையும் விரலால் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. அந்த முகத்துக்குப் பின்னாலேயே எல்லாம் புகையாகக் கரைந்துபோகிறது. மரமா, மூடுபனியா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. கூர்மையும் கலங்கலும் ஒரே படத்துக்குள் இழுபறி நடத்துகின்றன. தனியாக உட்கார்ந்து ஒருவர் வரைந்திருந்தால் இந்த இழுபறி வந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

பழைய தொடரில் ஒரு காட்சி உண்டு. பழைய புகைப்படங்கள் எல்லாம் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன என்று கால்வின் கேட்பான். அப்பா கொஞ்சமும் தயங்காமல், “அவையும் வண்ணப் படங்கள்தான், அந்தக் காலத்தில் உலகமே கறுப்பு வெள்ளையாக இருந்தது” என்கிற பொருளில் விளக்குவார். ‘தி மிஸ்ட்ரீஸ்’ வெகு காலத்துக்கு முந்தைய ராஜ்ஜியத்தின் கதை. முழுக்கக் கறுப்பு வெள்ளை. முதல் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த அப்பாதான் நினைவுக்கு வந்தார். இது அவர் சொன்ன உலகமேதான்!

இன்னொன்று. தொடரின் கடைசி நாள் உங்களுக்கு நினைவிருக்கும். இரவெல்லாம் பனி பெய்து ஊர் வெளுத்துக் கிடக்கிறது. வரைவதற்குப் பெரிய வெள்ளைத் தாள் கிடைத்தது போல இருக்கிறது என்கிறது ஹாப்ஸ். இருவரும் சறுக்குப் பலகையில் ஏறி அந்த வெண்மைக்குள் போய்விடுகிறார்கள். அன்று விட்டுப்போன வெள்ளைத் தாளுக்கு, ஏறக்குறைய 28 ஆண்டு கழித்து அதே மனிதர் கரியைப் பூசித் தருகிறார். அங்கே காடு என்றால் விளையாட்டு. இங்கே காடு என்றால் பயம்.

(திரையில்: புத்தகம் மூடப்படுகிறது.)

இனி கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்தபின் வாருங்கள்.

மர்மங்களால் ராஜ்ஜியம் அவதிப்படுகிறது. அரசன் வீரர்களைக் காட்டுக்கு அனுப்புகிறான். நெடுநாள் கழித்து ஒருவன் மட்டும் ஒரு மர்மத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறான். பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது! ஒவ்வொன்றாகப் பிடிபடுகின்றன, பயம் போகிறது, மக்கள் அவற்றைச் சட்டைசெய்வதே இல்லை. காடு அழிகிறது, காற்று கெடுகிறது, மனிதர்கள் இல்லாமல் போகிறார்கள். மர்மங்கள் மட்டும் சுகமாக வாழ்கின்றன.

சில நிமிடங்களில் படித்து முடிக்கும் புத்தகத்துக்கு இவ்வளவு விலையா என்று கேட்கும் ரசிகர்களின் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. ஒரு பக்கத்தில் ஓரிரு வாக்கியம், எதிரில் ஒரு படம், அவ்வளவுதான். முதல் நாள் எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான்காவது தடவைதான் சொற்களை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று முதல் இது என் அலமாரியில் கால்வின் தொகுப்புகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசிப் படம்வரை போனவர்கள் கீழே எழுதுங்கள்: மனிதர்களே இல்லாத அந்த முடிவு உங்களுக்குப் பயத்தைத் தந்ததா, நிம்மதியைத் தந்ததா? எனக்கு நிம்மதி. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.