ஒரே திரையில் 'வேகம் குறைவு', 'வேகம் அதிகம்': அந்த பெர்த் விமானத்தில் என்ன நடந்தது?

வணக்கம். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் யாரையாவது ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அம்மா கேட்பார்: "மேலே போனப்புறம் ஏதாவது பழுதானா என்னடா செய்வாங்க?" நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரு விமானத்தை வைத்தே சொல்கிறேன்.

2005 ஆகஸ்ட் 1. மலேசியா ஏர்லைன்ஸ் 124, போயிங் 777, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு. சுமார் 38,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது 'வேகம் குறைவு' என்று எச்சரிக்கை வந்தது. உடனே விமானியின் திரையில், தாண்டக்கூடாத உச்ச வேகத்தையும் அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைக் காற்றில் தாங்காது என்ற குறைந்த வேகத்தையும் ஒரே நேரத்தில் நெருங்கிவிட்டதாகக் காட்டியது. இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாகும்? அதை யோசித்து முடிப்பதற்குள் விமானம் தானாக மூக்கைத் தூக்கிச் சுமார் 41,000 அடி வரை ஏறிவிட்டது, வேகம் 158 நாட் (மணிக்குச் சுமார் 290 கி.மீ.) அளவுக்கு விழுந்தது, 'தாங்காது' என்று எச்சரிக்க ஸ்டிக் ஷேக்கர் விமானியின் கைப்பிடியைப் படபடவென்று உலுக்கியது.

கேப்டன் முதலில் ஆட்டோபைலட்டைத் துண்டித்து மூக்கைக் கையாலேயே இறக்கினார். உடனே, எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் 'ஆட்டோத்ராட்டில்' என்ற அமைப்பு விசையைக் கூட்டப் பார்த்தது. அவர் விசையைக் குறைக்க நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார், விமானம் திரும்பவும் மூக்கைத் தூக்கி 2,000 அடி ஏறியது. ஆட்டோபைலட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. சரி, கையாலேயே ஓட்டுவோம்.

விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையே இதுதான்: முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போகிறோம் என்று பார், அதற்கப்புறம்தான் பேசு. அதனால் பழுதான நேரத்தில் கேபினில் அறிவிப்பு வரத் தாமதமானால் பயந்துவிட வேண்டாம், அவர்கள் முதல் இரண்டு வேலையில் இருக்கிறார்கள். இங்கேயும் விமானத்தைக் கையில் எடுத்த பிறகுதான் தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்தார்கள். தங்கள் திரையை நம்ப முடியாததால், வேகமும் உயரமும் சரிதானா என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டே பெர்த்துக்குத் திரும்பிப் பத்திரமாக இறங்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காரணம்? விமானத்தின் வேகம், சாய்வு, அசைவு எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தரும் ஏடிஐஆர்யூ என்ற கணினி. அதற்குள் இருக்கும், வேக மாற்றத்தை அளக்கும் ஆறு முடுக்கமானிகளில் ஐந்தாவது 2001 ஜூனிலேயே கெட்டுப்போயிருந்தது. கெட்டது என்று கணினிக்குத் தெரியும், அதனால் நான்கு வருஷமாக அதை ஒதுக்கியே வைத்திருந்தது. அன்றைக்கு ஆறாவதும் கெட்டது. அந்த நேரத்தில் மென்பொருளில் இருந்த ஒரு பிழை, ஒதுக்கி வைத்த ஐந்தாவதின் தப்பான அளவைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டது. அந்தப் பிழை எந்தச் சோதனையிலும் சிக்கியதே இல்லை.

அதே ஆகஸ்ட் 29-ஆம் தேதி அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் அவசர ஆணை போட்டது: 777 விமானங்களில் அந்த மென்பொருளை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பதிப்பைப் போடுங்கள் என்று.